ஸ்டார்ட் பண்ணலாம், நகர்த்தக் கூடாது

போன மாதம் ஒரு நாள் திராட்சைக் கொடிக்கு மருந்து அடித்துவிட்டு வந்து கை கழுவிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. ஹவில்தார் சேகர். ராணுவத்தில் நான் கடைசியாக வேலை பார்த்த அதிகாரிகள் பயிற்சி அகாடமியில், எனக்குப் பிறகு என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர். வேலூர்ப் பக்கத்துக்காரர்.

"சாப், நம்ம மைதானத்த மூடிட்டாங்க" என்றார்.

"எந்த மைதானம்?" என்று கேட்டேன், தெரிந்துகொண்டே.

"கேடட்டுங்க கார் நிறுத்துற மைதானம்தான் சாப். இனிமே பயிற்சி முடியுற வரைக்கும் ஒரு காரும் உள்ள வரக் கூடாதுன்னு உத்தரவு. பரேடு அன்னிக்கு ஷோரூம்காரங்களே கொண்டாந்து வெளிய நிறுத்திடுவாங்களாம். இங்க சோலார் பலகை போடப் போறாங்க."

நல்ல முடிவுதான். வெயிலில் காய்ந்துகொண்டு சும்மா நிற்கும் கார்களைவிட, வெயிலில் காய்ந்து கரண்ட் கொடுக்கும் பலகை மேல். மூளைக்கு அது புரிந்தது. ஆனால் போனை வைத்த பிறகு வெகுநேரம் ஈரக் கையைத் துடைக்காமல் நின்றிருக்கிறேன். என் மனைவி வந்து, "என்ன, யாரும் தவறிட்டாகளா?" என்று கேட்ட பிறகுதான் சுயநினைவு வந்தது.

இனிமேல் வரப்போகும் இளம் ஜவான்களிடம் அந்த மைதானத்தைப் பற்றிச் சொன்னால் நம்ப மாட்டார்களாம். "நீங்க எழுதிக் குடுங்க சாப், வாசிச்சுக் காட்டறேன்" என்றார் சேகர். எனக்கு எழுத்து வேலை பழக்கமில்லை. வண்டி வேலைதான் பழக்கம். இருந்தாலும் எழுதுகிறேன்.

என் ஊர் காமயகவுண்டன்பட்டி. பள்ளிக்கூடம் முடித்ததும் தேனியில் நடந்த ஆள்சேர்ப்பில் ஓடி, நெஞ்சை விரித்துக் காட்டி, போக்குவரத்துப் பிரிவில் டிரைவராகச் சேர்ந்தேன். பயிற்சியில் அழுதேன், பிறகு பழகினேன். அதைப் பற்றி அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. எல்லாரும் அழுவார்கள், எல்லாரும் பழகுவார்கள். பனி மலையில் லாரி ஓட்டினேன். பாலைவனத்தில் லாரி ஓட்டினேன். குமுளி மலைப்பாதையில் பஸ் ஏறும்போதே கண்ணை மூடிக்கொள்ளும் அம்மாவுக்குப் பிறந்தவன், அதைவிட மோசமான பாதைகளில் கண்ணைத் திறந்துகொண்டே ஓட்டினேன். படிப்படியாக சுபேதார் ஆனேன். ஓய்வு பெறுவதற்கு முந்தைய சில வருடங்களுக்கு அந்த அகாடமியில் போட்டார்கள்.

நம் ஊரிலிருந்து இரண்டு நாள் கார் ஓட்டம். அங்கே படித்து முடிக்கும் பிள்ளைகள் லெப்டினன்ட் ஆவார்கள். அதுவரை கேடட். கேடட் என்றால் மாணவன். ஆனால் உறங்கவும் உண்ணவும் உத்தரவு வேண்டிய மாணவன். உள்ளே சைக்கிள்தான். பெரிய வீட்டுப் பிள்ளையானாலும் சைக்கிள், கூலி வீட்டுப் பிள்ளையானாலும் சைக்கிள். கடைசிப் பருவத்தில் மட்டும் ஒரு சலுகை இருந்தது. சொந்தப் பேரில் கார் வாங்கி அகாடமிக்குள் கொண்டுவந்து நிறுத்திக்கொள்ளலாம். நிறுத்தத்தான் செய்யலாம். ஓட்டக் கூடாது. பயிற்சி நிறைவு அணிவகுப்பான பாஸிங் அவுட் பரேடு முடிந்து, தோளில் நட்சத்திரம் ஏறிய பிறகுதான் சாவி கைக்கு வரும்.

கேட்பதற்குக் கிறுக்குத்தனமாக இருக்கும். ஆனால் காரணம் இருந்தது. அந்தப் பிள்ளைகள் சரியாகத் தூங்காதவர்கள். வகுப்பிலேயே கண் திறந்தபடி தூங்குவார்கள். அவர்கள் கையில் ஸ்டியரிங்கைக் கொடுத்து மலைப்பாதையில் விட்டால் என்ன ஆகும் என்று லாரி ஓட்டியவனுக்குத் தெரியும்.

கார் வந்தால் ரேஷன் கேட் வழியாகத்தான் உள்ளே வரும். ரேஷன் கேட் என்பது பின்பக்கம் அரிசி, காய்கறி லாரிகள் வரும் வழி. ஷோரூம் டிரைவர் ஓட்டிவருவார், கேடட் பக்கத்தில் நடந்துவருவான். நான் வண்டியைச் சுற்றிப் பார்த்து, ஓடிய தூரத்தைக் குறித்துக்கொண்டு, இடம் காட்டுவேன். எல்லா வண்டியும் மெயின் கேட்டைப் பார்த்து நிற்க வேண்டும். ஹேண்ட் பிரேக் போடக் கூடாது, மழைக்காலத்தில் ஒட்டிக்கொள்ளும். முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். சாவி என் பெட்டிக்குள் போகும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் பெட்டி திறக்கும். வரிசையில் வந்து சாவி வாங்கிக்கொண்டு போய் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணலாம். கொஞ்ச நேரம் ஓடவிட வேண்டும், பேட்டரி சாகாமல் இருக்க. கியர் போடக் கூடாது. மாதம் ஒரு முறை நாலு பேர் சேர்ந்து கையால் தள்ளி வண்டியைக் கொஞ்சம் நகர்த்தி வைக்கலாம், டயர் ஒரே பக்கம் அமுங்காமல் இருக்க. அவ்வளவுதான் சட்டம். ஸ்டார்ட் பண்ணலாம், நகர்த்தக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை அந்த மைதானத்தைப் பார்க்க வேண்டுமே. வாரம் முழுக்கச் சேற்றில் புரண்டு, மொட்டைத் தலையும் கறுத்த கழுத்துமாகப் பிள்ளைகள் வந்து காருக்குள் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொள்வார்கள். நான் அதைப் "பொண்ணு பார்க்கிற மைதானம்" என்பேன். நிச்சயம் ஆகிவிட்டது, கல்யாணம் ஆகவில்லை. வரலாம், பார்க்கலாம், உட்காரலாம், கூட்டிக்கொண்டு போக முடியாது. ஒருவன் பாட்டுப் போட்டுக் கேட்பான். ஒருத்தி ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துத் தூங்கிவிடுவாள். ஒருவன் வீட்டுக்குப் போன் போட்டு எஞ்சின் சத்தத்தை அம்மாவுக்குக் கேட்கவைப்பான். அவர்களுடைய விடுதி அறைக் கதவை எந்த நேரத்திலும் யாரும் தட்டலாம். தாங்களே சாத்திக்கொள்ளக்கூடிய கதவு அவர்களுக்கு அந்தக் காரில்தான் இருந்தது. ஆத்திரமாக வந்தவன் இறங்கும்போது முகம் தெளிந்து இறங்குவதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். இத்தனைக்கும் வண்டி ஒரு அடி நகர்ந்திருக்காது.

இப்போது எங்கள் கர்னல் சாப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். நிர்வாகம் முழுக்க அவர் கையில். இமயமலைப் பக்கத்துக்காரர், மெலிந்த ஆள். இந்தியில்தான் பேசுவார், அதையும் பக்கத்தில் குழந்தை தூங்குவதுபோல மெதுவாகப் பேசுவார். அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. சொல்வதை எல்லாம் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொள்வார். கேட்டு முடித்ததும் கையிலிருக்கும் பேனாவுக்கு மூடி போடுவார். மூடி போட்டாரென்றால் முடிவு ஆகிவிட்டது. அதற்கு மேல் தலைகீழாக நின்றாலும் மாறாது.

ஒரு தடவை ஒரு கேடட் தன் காரை ஓட்டி நாலடி தள்ளி வேப்பமர நிழலில் நிறுத்திவிட்டான். டாஷ்போர்டு வெயிலில் வெடிக்கிறதாம். நான் கத்தித் தீர்த்து, கர்னலிடம் கொண்டுபோய் நிறுத்தினேன். அவர் வந்து பார்த்தார். டாஷ்போர்டைத் தொட்டார், சுட்டது. மூடி போட்டார். "இந்தக் காரைப் பழைய இடத்துக்கு இவர் தனியாகத் தள்ளிக்கொண்டு போகட்டும்" என்றார். பையன் மத்தியான வெயிலில் தள்ளினான். கர்னல் அதே வெயிலில் தொப்பியைக் கழற்றாமல் நின்று பார்த்தார். மறு வாரம் மைதானம் முழுவதற்கும் பச்சை வலையில் பந்தல் வந்துவிட்டது. அவர் அப்படித்தான். சட்டத்தை வளைக்க மாட்டார். வெயிலைக் கவனிப்பார்.

பரேடு நாள்தான் எனக்குத் தீபாவளி. தாய் தகப்பன் பிள்ளையின் தோளில் நட்சத்திரம் குத்துவார்கள். குத்தி முடித்ததும் புது லெப்டினன்ட் மைதானத்துக்கு வருவான். நேற்றுவரை "ஒழுங்கா நில்லுப்பா" என்று நான் அதட்டிய பையன். இன்று நான் முதலில் சல்யூட் அடிப்பேன். அதன் பிறகுதான் சாவி கொடுப்பேன். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்வதுதான் வழக்கம் என்று எனக்கு முன்னால் இருந்தவர் சொல்லியிருந்தார். வலது கை சல்யூட்டில் இருந்தால் சாவி இடது கையில்தானே போகும். எனக்கு அது ஆகவில்லை. நல்ல காரியத்துக்கு இடது கையில் கொடுத்து எங்களுக்குப் பழக்கமில்லை. அதனால் சல்யூட் முதலில், சாவி பிறகு. பிறகு அவர்கள் பெற்றோரை ஏற்றிக்கொண்டு, வரிசையாக மெயின் கேட் வழியாக வெளியே போவார்கள். மெயின் கேட் வழியாகக் காரோட்டிக்கொண்டு போவது அதிகாரிக்கு மட்டும் உள்ள உரிமை. அந்தப் பிள்ளைகள் மாதக்கணக்கில் ஏங்கியது அந்தக் கேட்டைத் தாண்டும் ஒரு நிமிடத்துக்காகத்தான்.

அழகுராஜா அந்த மைதானத்துக்கு வந்தது நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம். ஜெயமங்கலத்துப் பையன். அப்பாவுக்கு வெற்றிலைக் கொடிக்கால். முதல் நாள் சாவி கொடுக்கும்போது ஊர்ப் பேர் கேட்டேன். சொன்னான். "நான் காமயகவுண்டன்பட்டிப்பா" என்றேன். அத்தனை இந்திக்கு நடுவில் எங்கள் இருவருக்கும் முகம் மலர்ந்துவிட்டது. அதற்காக அவனுக்குச் சலுகை எதுவும் கொடுக்கவில்லை. இன்னும் சொல்லப்போனால் அவன் காருக்குத்தான் கட்டை சரியாக இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்ப்பேன்.

சாம்பல் நிறக் கார். அவன் அம்மா பார்சலில் நாலு எலுமிச்சம்பழம் அனுப்பிவிட்டார், புது வண்டிச் சக்கரத்துக்கு அடியில் வைத்து ஏற்ற. வண்டி நகர்ந்தால்தானே பழம் நசுங்கும். "சாப், பழம் காயுது, என்ன செய்ய?" என்று தலையைச் சொறிந்தான். கையால் தள்ளும் ஞாயிறு வரைக்கும் பொறுக்கச் சொன்னேன். அன்று ஒரு சீக்கியன், ஒரு நாகாலாந்துக்காரன், ஒரு மராட்டியன் சேர்ந்து "ஹையா" என்று தள்ள, நாலு பழமும் நசுங்கின. கர்னல் வந்து சாற்றை உற்றுப் பார்த்தார். என்னவென்று சொன்னேன். "இஞ்சினுக்குக் கெடுதல் இல்லையே?" என்று மட்டும் கேட்டார்.

அழகுராஜா ஓட்டத்தில் கெட்டி. அவன் பட்டாளத்திலேயே முதல் ஆள். பரேடுக்கு ஒரு மாதம்கூட இல்லாத நேரத்தில், தடை தாண்டும் பயிற்சியில் சுவரிலிருந்து குதித்தவன் இடது முழங்கால் திரும்பி விழுந்தான். ஆஸ்பத்திரி. அறுவை சிகிச்சை. பிறகு மருத்துவக் குழு உட்கார்ந்தது. நடப்பான், வேலை செய்வான், எல்லாம் செய்வான். ராணுவத்துக்கு ஆக மாட்டான் என்று எழுதிவிட்டார்கள். ஓர் அதிகாரியின் கால் தாங்க வேண்டியதை அந்தக் கால் தாங்காதாம். அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. மூட்டுக்கு நம்ம பையன், அடுத்த வீட்டுப் பையன் என்று தெரியுமா?

ஆக, அவன் இனிக் கேடட் இல்லை. கேடட் இல்லாதவனின் கார் மைதானத்தில் நிற்கக் கூடாது. நான்தான் போய்ச் சொல்ல வேண்டும். ஊன்றுகோலோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தான். அவனே தொடங்கினான்.

"வீட்டுக்குச் சொல்லிட்டேன் சாப். அப்பா ஒண்ணுமே கேக்கல. வண்டிய பத்திரமா கொண்டுவந்து சேருண்டாக. அம்மா போன வாங்கவே இல்ல."

"நான் லீவு போட்டிருக்கேன். நானே ஓட்டிக் கொண்டுவந்து விடறேன்."

ஊன்றுகோலைக் கட்டிலில் சாய்த்துவிட்டு, "சாப், ஒண்ணு கேக்கலாமா?" என்றான். "என்னைய ஓட்டச் சொல்ல வேணாம். கால் மிதிக்காதுண்டு தெரியும். நீங்களே ஓட்டுங்க. நான் பக்கத்துல உக்காந்துக்கிறேன். மெயின் கேட் வழியா மட்டும் போயிருவோம் சாப். ஒரே ஒரு தடவ."

அவன் என்னிடம் கேட்ட ஒரே சலுகை அதுதான். நான் கர்னலிடம் போனேன். எப்போதும் நறுக்கென்று பேசுகிறவன், அன்று நீட்டி முழக்கினேன். பையனின் ஓட்டத்தைச் சொன்னேன், கொடிக்காலைச் சொன்னேன், பரேடுக்கு அவன் அம்மா எடுத்து வைத்திருக்கும் புடவையைக்கூடச் சொன்னேன். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். கேட்டு முடித்து, நிலையாணைப் புத்தகத்தைத் தானே எடுத்துப் பிரித்து, கேட் பற்றிய பத்தியை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். எனக்காக வாசிக்கவில்லை. தனக்கு ஏதாவது இடுக்கு கிடைக்குமா என்று தேடினார் என்று நினைக்கிறேன். பிறகு பேனாவுக்கு மூடி போட்டார்.

"ரேஷன் கேட், சுபேதார் சாப்."

என் வாழ்க்கையில் ஓர் அதிகாரியை மனதுக்குள் கெட்ட வார்த்தையில் திட்டியது அந்த ஒரு நாள்தான்.

மறுநாள் விடிந்ததும் காரைத் துடைத்து, பையனை முன் சீட்டில் ஏற்றி, காலுக்குத் தலையணை கொடுத்து, ரேஷன் கேட்டுக்கு ஓட்டிவந்தேன். அங்கே எப்போதும் நிற்கும் காவல்காரனைக் காணோம். தடுப்புக் கட்டைக்குப் பக்கத்தில் கர்னல் நின்றார். விழா நாளுக்குப் போடும் முழுச் சீருடை, மார்பில் பதக்கங்கள். பின்னால் ஒரு வெங்காய லாரி உள்ளே வரக் காத்துக்கொண்டிருந்தது. அதை அவர் கையைக் காட்டி நிறுத்திவைத்திருந்தார்.

காருக்கு வந்து குனிந்து, டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். பெட்ரோல் இருக்கிறதா என்று கேட்டார். பையனிடம் வருத்தம் தெரிவிக்கவில்லை, தைரியமும் சொல்லவில்லை.

"வீட்டுக்குப் போனாலும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஸ்டார்ட் பண்ணுங்கள். பேட்டரி போய்விடும்" என்றார்.

"யெஸ் சார்" என்றான் அழகுராஜா, உட்கார்ந்தபடியே முதுகை நிமிர்த்தி.

கர்னல் போய்த் தடுப்புக் கட்டையைத் தன் கையால் தூக்கிப் பிடித்தார். நாங்கள் கடந்து போய்ச் சாலை திரும்பும்வரை அவர் அதை இறக்கவில்லை. முந்தைய நாள் திட்டியதை அந்த இடத்திலேயே மனதுக்குள் வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

இரண்டு நாள் ஓட்டத்தில் பையன் பேசியது சொற்பம். பெரியகுளம் தாண்டி ஜெயமங்கலம் சாலையில் திரும்பும்போது கண்ணாடியை ஏற்றிவிட்டான், யாரும் பார்த்துவிடக் கூடாது என்று. வீட்டு வாசலில் நிறுத்தி இறங்கினேன். அவன் அப்பா வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு ஓடிவந்தார். நான் பையனிடம் சாவியை வலது கையால் கொடுத்தேன். சல்யூட் அடிக்க எனக்கு உத்தரவு இல்லை. கை உயரப் பார்த்தது, இறக்கிக்கொண்டேன். அந்தக் கை இன்றும் குறுகுறுக்கிறது.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை எனக்குப் போன் வந்தது. "ஸ்டார்ட் பண்ணிட்டேன் சாப்." பின்னால் எஞ்சின் சத்தம். அடுத்த ஞாயிறும் வந்தது. நான் ஓய்வு பெற்று ஊருக்கு வந்த பிறகும் வந்தது. ஒரு வாரம்கூடத் தவறவில்லை. உண்மையைச் சொல்வதென்றால், எனக்கு அது வேண்டியிருந்தது. ஊருக்கு வந்தவனுக்குத் தோட்டம் இருக்கிறது, வீடு இருக்கிறது, ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் கை சும்மா இருக்கிறது. வரிசையில் நின்று சாவி கேட்க யாரும் இல்லை. அந்தப் போனில் கேட்கும் எஞ்சின் சத்தத்தில் எனக்கு முழு மைதானமும் கேட்கும். போன் வரும் நேரத்துக்கு முன்பே வெளிவாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன்.

போன தைக்குப் பிறகு அவன் அப்பா பேசினார்.

"ஐயா, காலு நல்லாயிருச்சு. வண்டி ஓட்டலாம், வேலைக்குப் போகலாம்ண்டு டாக்டரு சொல்லிட்டாக. இவன் வீட்ட விட்டு நகர மாட்டேங்குறான். அந்தக் கார விக்கவும் விட மாட்டேங்குறான், எடுக்கவும் மாட்டேங்குறான். நீங்க இறக்கிவிட்ட எடத்துலயே நிக்கிது. ஞாயித்துக்கெழம ஆனா உள்ள ஏறி உக்காந்து சர்ருண்டு ஓடவிடுறான், அமத்திட்டு எறங்கிர்றான். மாசம் ஒருக்க என்னையும் பக்கத்து வீட்டாளுகளையும் கூப்பிட்டுத் தள்ளச் சொல்றான். ஊரே சிரிக்கிது. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னாத்தேன் கேப்பான்."

எனக்குச் சுருக்கென்றது. வாராவாரம் எஞ்சின் சத்தம் கேட்டேனே தவிர, அது ஓடுகிறதா நிற்கிறதா என்று நான் கேட்டதில்லை.

அடுத்த ஞாயிறு பஸ் ஏறிப் போனேன். கார் வாசலில் நின்றது. சாலையைப் பார்த்தபடி, ஹேண்ட் பிரேக் இல்லாமல், சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டையோடு. மேலே பச்சை வலைப் பந்தல். என் மைதானத்தில் ஒரு துண்டை வெட்டி எடுத்துவந்து வைத்ததுபோல இருந்தது. பையன் முடியைக்கூட வளர்க்கவில்லை.

"ஏன்ப்பா எடுக்கல?" என்றேன்.

"கர்னல் சாப் ஸ்டார்ட் பண்ணத்தானே சாப் சொன்னாக."

"பேட்டரிக்குச் சொன்னாக. வண்டிய நகர்த்தாதேண்டா சொன்னாக?"

அவன் பானட்டில் இல்லாத தூசியைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே சொன்னான்.

"நகர்த்திட்டா முடிஞ்சுபோச்சு சாப். இது நகராத வரைக்கும் நான் இன்னும் பாஸ் அவுட் ஆகல, அவ்வளவுதான். காத்துக்கிட்டிருக்கேன். எடுத்துட்டேண்டா வெத்தலைக்காரர் மகன் கார் ஓட்டுறான். வேற ஒண்ணும் இல்ல."

என்னவென்று சொல்வது? நானும்தான் காத்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு அது எதற்கு என்றுகூடத் தெரியாது.

அந்த நேரம் அவன் அப்பா கொடிக்காலிலிருந்து வந்தார். பின்னால் இரண்டு பெண்கள் தலையில் வெற்றிலைக் கட்டுகள். வழக்கமாக வரும் லோடு ஆட்டோ வரவில்லை. டிரைவருக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பறித்த வெற்றிலை வாடினால் மாட்டுக்குக்கூட ஆகாது. பெரியகுளத்தில் வெளியூர் லாரிக்கு ஏற்றுகிறவர் காத்திருக்க மாட்டார். அவன் அப்பா சாக்கை நனைத்துக் கட்டுகளின் மேல் போட்டுக்கொண்டே சாலையை எட்டி எட்டிப் பார்த்தார். ஒரு தடவைகூடக் காரின் பக்கம் திரும்பவில்லை. மகனிடம் கேட்டுவிடக் கூடாது என்று எவ்வளவு கவனமாக இருந்தார் என்பதைப் பார்த்ததும்தான் எனக்கு ஒன்று தோன்றியது.

நான் போய்க் காரின் பின்கதவைத் திறந்தேன். ஒரு கட்டைத் தூக்கி உள்ளே வைத்தேன். இரண்டாவதை வைத்தேன். சாக்குத் தண்ணீர் புது மெத்தையில் சொட்டியது. அழகுராஜா பார்த்துக்கொண்டே நின்றான். அவன் அம்மா வாசல்படிக்கு வந்து, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றார். நான் யாரையும் பார்க்காமல் ஏற்றி முடித்தேன். குனிந்து சக்கரத்துக் கட்டைகளை உருவி ஓரமாகப் போட்டேன். பிறகு முன்பக்கம் இடது சீட்டில் ஏறி, கதவைச் சாத்தி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டேன்.

அவன் வருவதற்கு நேரம் ஆயிற்று. நான் திரும்பிப் பார்க்கவில்லை. வந்து உட்கார்ந்து ஸ்டார்ட் பண்ணினான். ஓடவிட்டான். பழக்கம்போல அமர்த்திவிடுவானோ என்று பயந்தேன்.

"உத்தரவு உண்டா சாப்?" என்று கேட்டான்.

"இதுக்கு உத்தரவு கெடையாதுப்பா. வெத்தல வாடுது" என்றேன்.

இடது காலை ஊன்றி கிளட்சை மிதித்தான். கியர் போட்டான். கார் நகர்ந்தது.

அருமையாக ஓட்டினான். மாட்டு வண்டிக்கு ஒதுங்கி, பள்ளிக்கூடத்துக்கு முன்னால் மெதுவாகி, திருப்பத்தில் ஹார்ன் கொடுத்து, நான் கற்றுக்கொடுத்திருந்தால் எப்படி ஓட்டுவானோ அப்படி. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. துடைக்க ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. என் நிலைமையும் அதுதான், எனக்குத் துடைக்கக் கை சும்மா இருந்தது. பெரியகுளத்தில் கட்டுகளை இறக்கிவிட்டு என்னைப் பஸ் ஸ்டாண்டில் விட்டான். வண்டி முழுக்க வெற்றிலை வாசம்.

"நாளைக்கும் லோடு ஆட்டோ வராது போல சாப்" என்றான். சிரிக்கிறானா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை, ஆனால் கண்ணாடியை இறக்கிவிட்டிருந்தான்.

அதற்கு அடுத்த ஞாயிறு வழக்கம்போல வாசலில் நாற்காலியைப் போட்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வெயில் என் காலில் ஏறி, முழங்காலுக்கு வந்து, தலைக்கும் வந்துவிட்டது. டவுன் பஸ் போயிற்று, திரும்பியும் வந்தது. எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அந்த எஞ்சின் சத்தத்துக்கு என் காது எவ்வளவு ஏங்கியது என்று எனக்குத்தான் தெரியும்.

மனைவி காபியோடு வந்து பார்த்தார்.

"அந்தத் தம்பி இன்னிக்குப் பேசலையா?"

"பேசல."

"அதுக்கேன் இப்படி வெயில்ல உக்காந்திருக்கீக? நீங்களாச்சும் ஒரு போன் போட்டுப் பாருங்களேன்."

"வேணாம்" என்றேன். "வண்டி ஓட்டும்போது போன் பேசக் கூடாது."